நிமிடத்துக்கு முப்பத்தாறு

டீ வேண்டாம், மேடம். நான் டீயை விட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. உங்கள் ஸ்டேஷன் டீயைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏலக்காய் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. டீ குடித்தால் நாடி கூடும். கூடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே குடித்தால் நன்றாக இருக்காது. அந்த ஏட்டையாவிடம் கொடுங்கள். காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார், பாவம்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. நீங்கள் கேட்டு நான் பதில் சொன்னால் பேச்சு துண்டு துண்டாகப் போகும். நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் தனசேகரன். வயது நாற்பத்தொன்பது. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் தினமும் காலை ஐந்தரைக்கு 'மெதுநாடி' வகுப்பு நடத்துகிறேன். முகூர்த்த நாட்களில் விடுமுறை. கீழே மேளம் கொட்டும்போது யாருக்கும் நாடி இறங்காது. அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றேன். எட்டு வருஷம் விற்றதில் ஒரு வீட்டில்கூட என்னை உட்காரச் சொன்னதில்லை. கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே பேசுவார்கள். இப்போது அதே வீடுகளில் நாற்காலியைத் துடைத்துப் போட்டு "மாஸ்டர், உக்காருங்க" என்கிறார்கள். ஒரு மனுஷனுக்கு நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அதிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மெதுநாடி என்பது கஷ்டமான தத்துவம் இல்லை. ஒவ்வொரு இதயமும் மொத்தம் இத்தனை தடவைதான் அடிக்கும். மெதுவாக அடிக்கப் பழக்கினால் நெடுநாள் ஓடும். ஆமைக்கு மெதுவாக அடிக்கிறது, நூறு வருஷம் தாண்டுகிறது. எலிக்குப் படபடவென்று அடிக்கிறது, இரண்டு வருஷத்தில் முடிந்துவிடுகிறது. இதை ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் சொன்னார். எந்த நாடு என்று நினைவில்லை, தொப்பி போட்டிருந்தார். நான் அதில் மூச்சுப் பயிற்சியும் வெள்ளை ஜிப்பாவும் சேர்த்தேன். ஆமை, எலி என்று சொன்னால் ஜனங்கள் உடனே நம்புகிறார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறார்கள் அல்லவா.

ஒரு சின்ன சங்கடம் மட்டும் இருந்தது. பயிற்சியால் யாருக்கும் நாடி இறங்கவில்லை. எழுபத்தெட்டு எழுபத்தாறாகும், அடுத்த வாரம் எண்பதாகும். ஓய்வுபெற்ற ஒரு தாசில்தாருக்கு ஆறு மாதத்தில் ஐந்து ஏறியது. அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். என்னுடைய நாடி எண்பத்தெட்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. வகுப்பு பதினாறு பேரிலேயே நின்றது.

அப்போதுதான் வீரமுத்து அண்ணன் வந்தார்.

சங்கராபுரம் போகிற வழியில் அவருக்குக் கரும்புக் கொல்லை. வயது அறுபத்தொன்று. முட்டிவலி என்று வந்தார், ஆனால் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் அவரைக் கூட்டிவந்தது முட்டிக்காக இல்லை, வாய்க்காக. வரப்புத் தகராறு, பம்புசெட் தகராறு, பஸ்ஸில் ஜன்னல் தகராறு என்று ஒரு நாளைக்கு மூன்று பேரையாவது திட்டாமல் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது.

"பொறுமையா இருக்கறதுக்கு எதுனா சொல்லிக் குடுங்க மாஸ்டரு. இவரால நான் ஊர்ல ஒரு கல்யாணத்துக்குப் போவ முடியல" என்றார் அந்த அம்மா.

அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இவ ஒருத்தி. ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா" என்றார்.

அன்றைக்கு அவர் நாடி எழுபத்து நான்கு. நானே எழுதிவைத்தேன். நாலு மாதத்தில் அறுபது. ஆடி கழிந்து ஐம்பத்திரண்டு. தீபாவளிக்கு நாற்பத்து மூன்று. பொங்கலுக்கு முப்பத்தாறு.

முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை, மேடம். என் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். பேட்டரி மாற்றினேன். அப்புறம் விரலில் மாட்டும் கருவி வாங்கினேன். அதுவும் முப்பத்தாறு என்றது. நான் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன். அத்தனை வருஷம் நான் சொன்ன பொய் ஒரு ஆளிடத்தில் உண்மையாகிவிட்டது. அது எப்படி இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆள் மாறித்தான் போனார். யாரையும் திட்டுவதில்லை. பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பை ஒரு முழம் வெட்டியபோது, "வெட்டிக்கட்டும் போ" என்று சொன்னாராம். "இப்பல்லாம் சத்தமே இல்ல மாஸ்டரு, வூடு கோயிலாட்டம் இருக்குது" என்று கொளஞ்சியம்மாள் எனக்கு ஒரு தார் பூவன்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நாலு படி ஏறினால் அண்ணன் நின்று மூச்சு வாங்கினார். நிதானம் வந்துவிட்டது என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கினார், பற்று விடுகிறது என்றேன். கால் வீங்கியது. அதற்கு உடனே எதுவும் தோன்றவில்லை. மறுநாள் வரச் சொன்னேன்.

ஊரில் மூன்று இடத்தில் பிளக்ஸ் வைத்தேன். அண்ணன் படம், கீழே பெரிய எழுத்தில் '36'. வேறெதுவும் இல்லை. யாரோ வேட்பாளரின் சின்னம் என்று சிலர் நினைத்தார்கள். இருந்தாலும் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பதினாறு பேர் நூற்றிருபது பேர் ஆனார்கள். புதிதாக வருகிறவர்கள் அண்ணன் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வாழ்நாள் முழுக்க மனிதர்களைத் திட்டியே பழகிய ஆள் அதை எப்படி அனுபவித்தார் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு கையை நீட்டுவார். எண்ணி முடித்தவன் ஏதாவது சொல்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

பிப்ரவரியில் பஸ் ஸ்டாண்டில் விழுந்தார்.

அவர்கள் மகள் கோகிலவாணி திருக்கோவிலூரில் பள்ளிக்கூட டீச்சர். அவளைப் பார்க்கப் போவதற்காகப் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்கள். "கண்ணு மேல சொருவிக்கிச்சு மாஸ்டரு. கை காலெல்லாம் இழுத்துச்சி. ஆரோ ஒரு கொடம் தண்ணிய ஊத்தனாங்க. அப்பறம் எழுந்து குந்திக்கினு, இன்னாடி எல்லாரும் என்னையே பாக்கறாங்கன்றாரு" என்று கொளஞ்சியம்மாள் சொன்னார். பயந்திருந்தார். அது ஒரு உயர்ந்த நிலை, பல வருஷம் பயின்றவர்களுக்கே எப்போதாவது வரும் என்றேன். அவர் அதே இடத்தில் கணவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

கோகிலவாணி கும்பிடவில்லை. எனக்குப் போன் செய்தாள். அவள் என்னை மாஸ்டர் என்று அழைத்ததே இல்லை, சார் என்பாள்.

"சார், எங்கப்பா மயக்கம் போட்டு வுழுந்திருக்காரு. அதப் போயி நிலை கிலைன்னு சொல்லிக்கினு இருக்கீங்களாமே. எனக்குப் பரீட்சை டூட்டி, லீவு தர மாட்டாங்க. நான் ஞாயித்துக்கிழமதான் வர முடியும். ஹார்ட் டாக்டரு செவ்வாக்கிழமதான் பாக்கறாங்க. நீங்க இட்டுக்கினு போறீங்களா, இல்ல நான் எதுனா பொய் சொல்லிட்டுக் கெளம்பி வரட்டுமா?"

நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். என்னிடம் கார் இருக்கிறது. இதில் என்னைத் தவறு சொல்ல முடியாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

டாக்டர் பெயர் நிர்மலா. சின்ன உருவம், சத்தமான குரல். இ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அண்ணனை உடனே கட்டிலில் படுக்க வைத்தார். "ஐயா, உங்க நாடி ரொம்பக் கம்மியா இருக்கு. ஆபத்து. பேஸ்மேக்கர்னு ஒரு சின்ன மெஷின் வைக்கணும்" என்றார்.

அண்ணன் படுத்தபடியே சிரித்தார். "கம்மியா இருந்தா நல்லதுதானேம்மா? அதுக்குத்தான ஒரு வருசமா பாடுபட்டுக்கினு இருக்கறோம். எதுன்னாலும் மாஸ்டர்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"தம்பி" என்றேன்.

என்னைத் தனியாக அழைத்து உட்கார வைத்துச் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். என் பேச்சை நானே கேட்பதைப் போல அவர் பேச்சைக் கேட்டேன். ஒரு வார்த்தை தவறவிடவில்லை. வேண்டுமானால் அப்படியே ஒப்பிக்கிறேன்.

"இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேலேர்ந்து கீழ மின்சாரம் போற வழி இவருக்கு அடைபட்டுப் போச்சு. தகவல் வராததால கீழ் அறை தன்னால மெதுவா அடிச்சிக்கிட்டிருக்கு. நீங்க இதை அமைதின்னு நெனைச்சிருக்கீங்க. வீட்ல கரண்ட் போனா கூடத்தான் அமைதியா இருக்கும்."

அவர் ஒரு தாளில் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டார்.

"ஒவ்வொரு அடிக்கும் அப்புறம் இதயச் சதை திரும்ப சார்ஜ் ஏறணும். அடி மெதுவாக மெதுவாக, அந்த சார்ஜ் ஏற நேரம் இழுத்துக்கிட்டே போகும். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரியும் ஏறாது. பாதி ஏறியும் ஏறாமலும் இருக்கிற நேரத்துல ஒரு அடி முந்திக்கிட்டு வந்து விழுந்தா, கீழ் அறை மொத்தமும் முறுக்கிக்கிட்டு நடுங்க ஆரம்பிச்சிடும். நிமிஷத்துக்கு இருநூறு, இருநூத்தம்பது. அந்த வேகத்துல ரத்தம் வெளிய போகாது. ஆள் விழுந்துடுவாரு. தன்னால நின்னா எழுந்துக்குவாரு. பஸ் ஸ்டாண்டுல நடந்தது அதாத்தான் இருக்கணும். பாருங்க, இந்தத் தாள்லயே அங்கங்க தப்பு அடி விழுந்திருக்கு. என்னிக்காவது ஒருநாள் அது நிக்காது."

"மெதுவா இருக்கறதாலதான் வேகமாவுதா?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுதான் இதுல இருக்கிற மோசம். மெஷின் வச்சா அடிக்கும் அடிக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி விழாது. நடுக்கம் வர வழியில்ல. இன்னைக்கே சேலம் போங்க. ஆம்புலன்ஸ் சொல்றேன்."

அப்புறம் மெஷின் வைக்கும் வரை கடைப்பிடிக்கச் சொன்னவை: பட்டினி கூடாது. வாந்தி, பேதி ஆகவே கூடாது. உடம்பில் உப்புச் சத்து இறங்கினால் அந்த நடுக்கம் சீக்கிரம் வரும். அலைச்சல் கூடாது. மயங்கி விழுந்து எழாவிட்டால் நெஞ்சை அமுக்க வேண்டும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வேண்டாம், எங்கள் காரிலேயே போகிறோம் என்றேன். அவர் சண்டை போட்டார். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார். ஆபத்தைச் சொல்லியும் நாங்களே அழைத்துப் போகிறோம் என்று அதில் இருந்தது. 'உறவு: தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் மேஜையில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான். நிபுணரிடம் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.

காரில் அண்ணன் கேட்டார். "இன்னா மாஸ்டர் சொல்லுது அந்தம்மா?"

நான் அவரிடம் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார் என்றேன். எழுந்துதான் நின்றார். உங்கள் நாடியை எழுபதுக்கு ஏற்ற ஒரு மெஷின் வைக்கப் பார்க்கிறார்கள் என்றேன். உண்மைதானே. வைத்தால் எல்லா ஜனத்துக்கும் அடிப்பதுபோல உங்களுக்கும் அடிக்கும் என்றேன். அதுவும் உண்மை.

அண்ணன் சின்னசேலம் ரோடு பிரிகிற இடம் வரைக்கும் யோசித்தார். "எல்லாரையும் மாதிரி ஆவறதுக்கா நான் ஒரு வருசமா விடியக்காலைல எழுந்து வரேன்? வண்டியத் திருப்புங்க மாஸ்டர்" என்றார்.

அவராகவே சொன்னார். நான் திருப்பினேன். இ.சி.ஜி.யையும் சேலம் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கொடுத்த கடிதத்தையும் டேஷ்போர்டில் வைத்தேன். வைத்த இடத்திலேயே நீங்கள் எடுத்தீர்கள். கிழித்துப் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோகிலவாணி கேட்டபோது, டாக்டர் ஆச்சரியப்பட்டார், ஓய்வெடுக்கச் சொன்னார் என்றேன். டாக்டர் நிர்மலா அன்று சாயங்காலம் அழைத்தார். வாழப்பாடி தாண்டிவிட்டோம் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்தார். மெஷின் வைத்தாகிவிட்டது, இட்லி சாப்பிடுகிறார் என்றேன். "அப்பாடா. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல சார்" என்றார். அவர் குரலில் அவ்வளவு நிம்மதி. ஒரு வார்த்தையால் ஒரு நல்ல மனுஷிக்குத் தூக்கம் கொடுக்க முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள், மேடம். நூற்றிருபது பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று இடத்தில் பிளக்ஸ் தொங்குகிறது. அதில் இருக்கிற எண் என் பயிற்சியின் பலன் இல்லை, ஒரு வியாதியின் அளவு என்று போய்ச் சொன்னால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? அண்ணன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் எங்கே போய் முகத்தைக் கழுவுவார்கள்? நான் மறுபடியும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அதுவும் இந்தத் தடவை கையில் மெஷின்கூட இல்லாமல்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கல்வராயன்மலையில் மூன்று நாள் முகாம் ஏற்பாடாகியிருந்தது. வெள்ளிமலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தனியார் விடுதி. நாற்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். கச்சிராயபாளையம் வழியாக இரண்டு வேனில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இடையில் வீட்டில் இரண்டு தடவை விழுந்திருந்தார் என்று கொளஞ்சியம்மாள் மெதுவாகச் சொன்னார். பெருமையோடு சொல்கிறாரா பயத்தோடு சொல்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. நான் பெருமையின் பக்கம் தள்ளிவிட்டேன்.

முகாமின் முதல் நாள் வயிற்றைச் சுத்தம் செய்வது. எல்லோருக்கும் விளக்கெண்ணெய். இது துண்டறிக்கையிலேயே அச்சாகிவிட்டது. விடுதியில் மொத்தம் மூன்று கழிப்பறை. அன்று பகல் முழுவதும் அந்த மலையில் மெதுவாக நடந்த ஆள் ஒருவர்கூட இல்லை. பலாமரத்தடி, பாறை மறைவு என்று அவரவர் தங்களுக்கு ஒரு இடம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தவரின் சாதியைச் சொல்லித் திட்டினார். வெளியே வந்தவர் அவருடைய சம்பந்தி.

பேதி ஆகக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. எண்ணெய் டம்ளரை அண்ணன் கையில் கொடுத்தபோதும் நினைவில் இருந்தது. ஆனால் அவர் ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்ற நாற்பத்தொரு பேரும் ஏன் என்று கேட்பார்கள். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது அல்லவா. சாயங்காலம் அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதினொரு தடவை ஆயிற்று என்றார்.

"காலெல்லாம் புடிச்சி இழுக்குது மாஸ்டர். ஒரு எளநி கெடைக்குமா?"

நாளைக் காலை வரைக்கும் வெந்நீர் மட்டும்தான் என்று நினைவூட்டினேன். அவர் தலையாட்டினார். நல்ல மாணவர். பழைய வீரமுத்து அண்ணனாக இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பார். அவருக்கு அந்தக் கோபம் மிச்சம் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடத்தில் செயல்விளக்கம். விடுதியில் வைஃபை இருந்ததால் என் போனை ஒரு தாங்கியில் நிறுத்தி நேரலை போட்டேன். அண்ணனை மேடையில் நிற்க வைத்து விரலில் கருவியை மாட்டினேன். முப்பத்தொன்று. கூடம் கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் இருபத்தொன்பது. மறுபடி கைதட்டினார்கள்.

அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "மாஸ்டர், கண்ணு இருட்டிக்கினு வருது. குந்திக்கட்டா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் அண்ணே" என்றேன்.

கருவியில் இருபத்தெட்டு வந்தது. அப்புறம் எண் போய்க் கோடு மட்டும் வந்தது. அவர் அப்படியே மடிந்து விழுந்தார். கை கால் இழுத்தது. பதினைந்து விநாடி இருக்கும். பிறகு மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து, "வுழுந்துட்டனா?" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல். எழுந்திருக்கப் பார்த்தார். மறுபடி கண் சொருகியது. இந்தத் தடவை திறக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து இளவரசன் ஓடிவந்தார். அரசு பஸ் கண்டக்டர். வகுப்புக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "மாஸ்டர், நெஞ்ச அமுக்கணும். டிப்போல சொல்லிக் குடுத்துருக்காங்க. தள்ளுங்க" என்று முட்டிபோட்டார். நான் அவர் தோளைப் பிடித்தேன். தொட்டால் நிலை கலையும், கலைந்தால் உயிர் திரும்பி வர வழி தெரியாது என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நேரத்தில் தோன்றியது. அவர் கையை எடுத்துக்கொண்டார். உங்களிடம் அழுதுகொண்டே வாக்குமூலம் கொடுத்திருப்பார். அவர்மேல் தப்பில்லை.

மைக்கை எடுத்து எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னேன். அண்ணன் வெகுதூரம் போயிருக்கிறார், மெதுவாகத் திரும்பி வருவார், நாம் மூச்சால் அவருக்குத் துணை நிற்போம் என்றேன். மூடினார்கள். விளக்கெண்ணெய் குடித்த மறுநாள் யாருக்கும் எதிர்த்துப் பேசத் தெம்பு இருக்காது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விடும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கேட்க நன்றாகவே இருந்தது. மூச்சு விடாதவர் ஒருவர்தான்.

கொளஞ்சியம்மாள் மட்டும் கண்ணை மூடவில்லை. "மாஸ்டரு, வாயி நீலமாவுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாஸ்டரு, கை சில்லுனு இருக்குது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்கு என்று அவர் நினைத்திருப்பார். அவர் அண்ணன்மேல் விழுந்து உலுக்கிவிடாமல் இருக்கத்தான் பிடித்தேன். அப்போது என் நாடி என்ன வேகத்தில் ஓடியது என்று அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். என் மணிக்கட்டு அவர் விரலுக்கடியில் இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்கப்புறம் என்னை மாஸ்டர் என்று அழைக்கவில்லை. "வுடு" என்றார். நான் விடவில்லை.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. யார் கூப்பிட்டது என்று எல்லோரும் திகைத்தார்கள். அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யாரும் இல்லை. வண்டியில் வந்தவர்கள் இறங்கின வேகத்திலேயே நெஞ்சை அமுக்கினார்கள், கரண்ட் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நாற்பது நிமிடம் பாடுபட்டார்கள். பிறகு ஒருவர் கையுறையைக் கழற்றினார்.

நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எனக்குத் தெரியுமா என்று. தெரியும், மேடம். அவருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். அது நிலை இல்லை. அமைதியும் இல்லை. அவருடைய இதயம் நிமிடத்துக்கு இருநூற்றைம்பது தடவை நடுங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சை அமுக்கினால் பிழைக்க வழி உண்டு என்பதும் தெரியும். ஆனால் அமுக்கினால் அது மாரடைப்பு மாதிரித் தெரியும். பார்க்கிறவர்களுக்கு வகுப்பின் மேல் சந்தேகம் வந்துவிடும். அவர் தானாக எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். முன்னால் நாலு தடவை எழுந்தார் அல்லவா. எழாமல் போய்க்கொண்டிருந்தபோதும் காத்திருந்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் எதற்காகக் காத்திருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்: அவர் முழுதாகப் போய்விட வேண்டும் என்பதற்காக. பாதியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் நிர்மலாவிடம்தான் கொண்டுபோவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனை எடுத்துவிட்டீர்கள், எப்படியும் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் நான் போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நூற்றெட்டை அழைக்க இல்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்க்க. வழக்கமாக அறுபது பேர் பார்ப்பார்கள். அன்று இரண்டாயிரத்து முந்நூறு. அந்த இரண்டாயிரத்து முந்நூறில் ஒருத்தி திருக்கோவிலூரில் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தாள். 'அப்பாவத் தூக்குங்க.' 'யாராவது நெஞ்ச அமுக்குங்க.' '108க்கு சொல்லிட்டேன், வந்துக்கினு இருக்கு, அதுவரைக்கும் அமுக்குங்க.' 'சார், உங்க கால்ல விழறேன்.'

அவள் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்து அண்ணன் முகத்தை மறைத்தன. நான் விரலால் தள்ளிவிட்டேன். மறுபடி வந்தன, மறுபடி தள்ளினேன். அத்தனை பேர் பார்க்கும்போது அவர் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா. எனக்காக இல்லை, மேடம். அவருக்காகத்தான்.